தலைக்கு உரியவரின் சொல்

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. நெற்றியில் இரண்டு, பக்கங்களில் இரண்டு, பின்னால் ஒன்று எனத் தனித்தனித் தட்டுகளாக இருந்து, அவற்றுக்கு நடுவே உள்ள பொருத்துகளில் வளர்ந்துகொண்டே போகிறது. உச்சியில் விரல் வைத்தால் துடிப்பு தெரிகிற உச்சிக்குழி, அந்தப் பொருத்துகள் கூடும் இடம். மூளை பெருகும்போது ஓடும் கூடவே விரிவதற்கான ஏற்பாடு இது. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தப் பொருத்துகளில் ஒன்றோ பலவோ உரிய காலத்துக்கு வெகு முன்பே, பெரும்பாலும் கருவிலேயே, மூடிக்கொண்டுவிடுகின்றன. மருத்துவர்கள் இதைக் கிரேனியோசினோஸ்டோசிஸ் என்கிறார்கள். உச்சியில் முன்னிருந்து பின்னாக ஓடும் பொருத்து மூடினால் தலை அகல முடியாமல் முன்னும் பின்னுமாக நீள்கிறது. மொத்தத்தில் பாதியளவு இந்த வகைதான். அதிலும் ஆண் குழந்தைகளே மிகுதி. நெற்றியின் நடுப்பொருத்து மூடினால் நெற்றி முக்கோணமாகக் கூம்புகிறது. காதுப் பக்கத்திலிருந்து உச்சிக்கு ஏறும் பொருத்து ஒரு பக்கம் மட்டும் மூடினால் நெற்றியும் கண்குழியும் கோணிப்போகின்றன. இன்று இதற்கான அறுவை பெரும்பாலும் முதல் பிறந்தநாளையொட்டியோ அதற்கு முன்போ நடந்துவிடுகிறது. எல்லோருக்கும் நடப்பதில்லை. யார் கண்ணிலும் படாமல் போனவர்கள், வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், பெற்றோர் பயந்து தள்ளிப்போட்டவர்கள், குழந்தையில் செய்தும் பழைய வடிவத்துக்கே திரும்பியவர்கள் என ஒரு சாரார் 14, 15, 16 வயதில் தாங்களாகவே வந்து, இப்போது செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள்.

அவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. காலம் கடந்துவிட்டது என்பது ஒன்று. இது வெறும் அழகுக்கானது, எதற்கு இவ்வளவு பெரிய அறுவை என்பது மற்றொன்று. இந்த அறுவையின் வரலாற்றில் பாதியை மட்டும் படித்தால் இரண்டும் நியாயமாகவே தோன்றும். முழு வரலாற்றையும் பார்த்தால் தெரிவது வேறு. இதில் இரண்டு ஓடைகள் உண்டு. ஒன்று, வாய் பேசாத குழந்தைகளின் மேல், அவர்களுடைய எதிர்காலத்தைப் பற்றிய அச்சத்தால் செய்யப்பட்ட அறுவை. மற்றது, தம் தலையோடும் முகத்தோடும் வளர்ந்து, அதன் விலையை அறிந்து, தாமே கேட்டு வந்தவர்களுக்காகப் பிறந்த அறுவை. பதின்பருவப் பிள்ளை இந்த இரண்டாவது ஓடையைச் சேர்ந்தவர். அவரை முதல் ஓடையின் அளவுகோலால் அளப்பதால்தான் அவர் தாமதமாக வந்த குழந்தையாகத் தெரிகிறார்.

தலையின் வடிவத்துக்கு மனிதர்கள் கொடுத்த பொருள் ஒரு காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. ஸ்பெயினின் அதாபுவெர்கா மலையில், ‘எலும்புக் குழி’ எனப்படும் ஆழமான குகைக்குள் கிடைத்த ஒரு சிறு பிள்ளையின் மண்டையோடு, நான்கு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. அதன் பின்பக்கப் பொருத்து ஒருபுறம் முன்கூட்டியே மூடியிருந்ததை 2009இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளை குறைந்தது ஐந்து வயது வரையாவது வாழ்ந்திருக்கிறது. கோணிய தலையோடு பிறந்த பிள்ளையை அந்தக் கூட்டம் தூக்கி எறியவில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சான்று கிடைப்பது அரிது. கிரேக்கத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. ஏதென்ஸை ஆண்ட பெரிக்ளிஸின் தலை அளவுக்கு மீறி நீண்டிருந்ததாகவும், அதனால் சிற்பிகள் அவரைப் பெரும்பாலும் தலைக்கவசத்தோடே வடித்ததாகவும், நாடகக் கவிஞர்கள் மேடையிலேயே அந்தத் தலையைக் கேலி செய்ததாகவும் புளுடார்க் எழுதுகிறார். பெரிக்ளிஸுக்கு இருந்தது இந்த நோய்தானா என்று 2,400 ஆண்டுகள் கழித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாட்டின் தலைவனாலும் தலையின் நீளத்தைப் பற்றிய கேலியிலிருந்து தப்ப முடியவில்லை என்பது பதிவாகியிருக்கிறது. ஏறத்தாழ அதே காலத்து ஹிப்போகிரட்டீஸ் மரபு நூல் ஒன்று, நீண்ட தலையையே உயர்குலத்தின் அடையாளமாகக் கருதிக் குழந்தைகளின் தலையைக் கட்டி நீட்டிய ஒரு மக்களைக் குறிப்பிடுகிறது. தென்மேற்குப் பிரான்ஸில் துலூஸ் வட்டாரத்தில் குழந்தையின் தலையைத் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. 1871இல் பால் புரோக்கா அதைப் பற்றி விரிவாக எழுதினார். நம் ஊரில் பாட்டிமார் எண்ணெய்க் குளியலின்போது பிள்ளையின் தலையை உருட்டிவிடுவதும் இந்த நெடிய ஆசையின் மென்மையான ஒரு வடிவம். மூடிய பொருத்தை அந்தக் கையால் திறக்க முடியாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கலாம்.

தலையின் வடிவத்தை மருத்துவப் பொருளாக மாற்றியவர்கள் ஜெர்மானியர்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோமரிங் என்ற உடற்கூற்றறிஞர் மண்டையோடு வளர்வது பொருத்துகளில்தான் என்பதைக் கவனித்தார். 1851இல் வூர்ட்ஸ்பர்க்கில் இருந்த ருடால்ஃப் விர்ஷோ அதை ஒரு விதியாகவே சொன்னார்: ஒரு பொருத்து மூடினால் அதற்குச் செங்குத்தான திசையில் வளர்ச்சி நின்று, அதற்கு இணையான திசையில் ஈடுசெய்யும் வளர்ச்சி நடக்கும். நீண்ட தலை ஏன் நீள்கிறது, கூம்பிய நெற்றி ஏன் கூம்புகிறது என்பதற்கு முதன்முறையாக ஒரு கணக்கு கிடைத்தது. இன்றைக்கும் அந்த விதி பெருமளவு பொருந்துகிறது. ஆனால் விர்ஷோ இதைக் கண்டடைந்த சூழல் முக்கியமானது. அவர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது பிராங்கோனியா பகுதியில் மனவளர்ச்சி குன்றியிருந்தவர்களை. மூடிய மண்டையோட்டையும் குன்றிய அறிவையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த அந்தப் பார்வை, இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டு என்ற எண்ணத்தை அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்துவிட்டுப் போனது. 1842இல் சுவீடனின் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து ஒரு சுட்டெண் செய்திருந்தார். அதை வைத்து ஐரோப்பா உலக மக்களைத் தரம் பிரிக்கத் தொடங்கியது. சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் தலைகளை அளந்து சாதிவாரியாகப் பதிந்தது இந்தப் பிழையான அறிவியலின் கிளையே. தலையின் வடிவம் உள்ளே இருக்கும் மனிதனைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அந்த நூற்றாண்டின் காற்றிலேயே இருந்தது. அறுவை மருத்துவர்களும் அதைத்தான் சுவாசித்தார்கள்.

முதல் அறுவைகள் நடந்தது இந்தக் காற்றில்தான். 1888இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எல்.சி. லேன் என்ற மருத்துவரிடம், சிறுத்த தலையோடு இருந்த தன் குழந்தையின் மூளையைத் திறந்து வளரவிட முடியாதா என்று ஒரு தாய் கேட்டாள். அவர் மண்டையோட்டில் பட்டைகளாக எலும்பை நீக்கினார். குழந்தை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. 1890இல் பாரிஸில் ஓதிலோன் லான்லோங் இதே வகை அறுவையைப் பல குழந்தைகளுக்குச் செய்து வெளியிட்டார். அவர் பிறந்த ஜெர் மாவட்டம் துலூசுக்குப் பக்கம். தாய்மார் துணியால் தலையை வடிவமைத்த மண்ணிலிருந்து வந்தவர் உளியால் அதைத் திறந்தார். அந்தச் செய்தி பரவியதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல கைகள் கத்தியை எடுத்தன. அடிப்படைத் தவறு ஒன்றை யாரும் நின்று யோசிக்கவில்லை. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஓடு மூளையை நெருக்கவில்லை. மூளை வளராததால் ஓடு சிறுத்திருந்தது. வளர மறுத்த மூளைக்கு எவ்வளவு இடம் கொடுத்தாலும் அது வளரப்போவதில்லை. 1894இல் ரோமில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டில், நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஆபிரகாம் ஜேகோபி எழுந்து நின்று, தீங்கு செய்யாதே என்ற பழைய மருத்துவ நெறியைத் தலைப்பாக்கி, 33 குழந்தைகளில் 15 பேர் இறந்த கணக்கை அவை முன் வைத்தார். ஜெர்மனியில் 1848 புரட்சியை அடுத்துச் சிறை கண்டு, அமெரிக்காவுக்குப் போய்க் குழந்தை மருத்துவத்துக்கு அங்கே அடித்தளமிட்டவர் அவர். அந்தக் குரலுக்குப் பிறகு இந்த அறுவை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓய்ந்தது. மருத்துவ வரலாற்றில் என் மனம் மிகவும் மதிக்கிற தருணங்களில் இது ஒன்று. பேச முடியாத நோயாளிக்காக, அறுவை அறையில் இல்லாத ஒருவர் பேசினார்.

அறுவை திரும்பி வந்தபோது காரணமும் மாறியிருந்தது. கூம்பிய தலைக்கும் பார்வை இழப்புக்கும் தொடர்பு உண்டு என்பதை 1866இலேயே பெர்லின் கண் மருத்துவர் ஃபான் கிரேஃபே சுட்டியிருந்தார். 1927இல் ஃபேபர், டவுன் என்ற இரண்டு கலிஃபோர்னிய மருத்துவர்கள், பார்வை போகும் வரை காத்திராமல் குழந்தைப் பருவத்திலேயே மூடிய பொருத்தை எடுத்துவிட வேண்டும் என்று வாதிட்டார்கள். நோயாளிகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால் இந்த முறை குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் எடுத்த எலும்பு சில மாதங்களிலேயே மறுபடி வளர்ந்து மூடிக்கொண்டது. குழந்தையின் மூளை உறைக்கு எலும்பை உருவாக்கும் ஆற்றல் அவ்வளவு. அடுத்த பல ஆண்டுகள் அந்த விளிம்புகளை எதைக் கொண்டு தடுப்பது என்ற போராட்டத்திலேயே கழிந்தன. டான்டலம் தகடு போட்டார்கள், 1948இல் பாஸ்டனில் பாலித்தீன் படலம் வைத்தார்கள், 1950களில் திசுவைக் கருக்கும் ஜென்கர் திரவத்தைத் தடவினார்கள். 1968இல் அதே பாஸ்டன் குழு 519 அறுவை நோயாளிகளின் பட்டறிவைத் தொகுத்து வெளியிட்டபோது, இது வழக்கமான அறுவையாகவே ஆகிவிட்டிருந்தது. அதற்கு முன்பே, 1961இல், மேயோ கிளினிக் மருத்துவர்கள் சங்கடமான ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார்கள். பல பொருத்துகள் மூடிய குழந்தைகளுக்கு வரும் கேட்டை, உச்சிப் பொருத்து மட்டும் மூடிய குழந்தையின் மேலும் சும்மா ஏற்றிச் சொல்கிறோமா? கூட இருந்த குற்றத்துக்காக நீண்ட தலையைத் தண்டிக்கிறோமா?

அந்தக் கேள்வி இன்னும் முழுதாக அடங்கவில்லை. பாரிஸின் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனையில் தொமினிக் ரெனியே குழுவினர் மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தை நேரடியாக அளந்து 1982இல் வெளியிட்டார்கள். பல பொருத்துகள் மூடியவர்களில் பாதிப் பேரை நெருங்கும் அளவுக்கு அழுத்தம் கூடியிருந்தது. ஒரே பொருத்து மூடியவர்களில் அது ஏறக்குறைய ஏழில் ஒருவர். ஏழில் ஒருவர் என்பது புறக்கணிக்கத்தக்க எண் அன்று. அதே சமயம், ஏழில் ஆறு பேருக்கு அழுத்தம் கூடவில்லை என்பதும் அதே எண்தான். பெற்றோரிடம் எந்தப் பாதியைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அவர்கள் முடிவு மாறும். காரணம் தேடி அறுவை ஓடிய இன்னொரு சம்பவமும் உண்டு. திடீர் குழந்தை மரணத்தைத் தடுக்க, பிள்ளைகளை மல்லாக்கவோ ஒருக்களித்தோ படுக்கவைக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் அறிவுறுத்தியது. மரணங்கள் குறைந்தன. பின்தலை தட்டையான குழந்தைகள் பெருகினார்கள். படுக்கையால் வந்த அந்தத் தட்டையைப் பொருத்து மூடிய நோயாக எண்ணி, தேவையில்லாத அறுவைக்குச் சில குழந்தைகள் ஆளானார்கள். சி.டி. ஸ்கேனைக் கவனமாகப் பார்த்து இரண்டையும் பிரித்தறியும் பழக்கம் வந்த பிறகே அது அடங்கியது. 1990களின் இறுதியில் மிசௌரியில் ஹிமெனெஸும் பேரோனும் எண்டோஸ்கோப் வழியாகச் சிறு கீறலில் பொருத்தை எடுத்து, பிறகு மாதக்கணக்கில் ஹெல்மெட் அணிவித்துத் தலையை வடிவமைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். மூன்று, நான்கு மாதக் குழந்தைக்கே அது ஏற்றது. ஆக முதல் ஓடை முன்னேற முன்னேற நோயாளியின் வயது குறைந்துகொண்டே வந்தது. இன்றைய மருத்துவரின் மனத்தில் இந்த நோய்க்கு உரிய முகம் கைக்குழந்தையின் முகம்.

இரண்டாவது ஓடை தொடங்கியது வேறு வகை மனிதர்களிடம். பாரிஸ் நரம்பியல் மருத்துவர் ஒக்தாவ் குரூசோன் 1912இல் ஒரு தாயிடமும் மகனிடமும் விவரித்த நிலையில், பொருத்துகள் மூடுவதோடு முகத்தின் நடுப்பகுதியும் வளராமல் உள்வாங்கி, கண்கள் பிதுங்கி நிற்கும். இப்படிப்பட்டவர்கள் பிழைத்து வளர்ந்தார்கள், பள்ளிக்குப் போனார்கள், பிறகு பலர் வீட்டுக்குள் முடங்கினார்கள். 1942இல் ஹரால்டு கில்லீஸ் அப்படி ஒருவரின் முகத்தை எலும்போடு பெயர்த்து முன்னே கொண்டுவந்தார். போரில் சிதைந்த முகங்களைச் சீரமைத்துப் பேர்பெற்ற அவரே, முகம் பழையபடி பின்னுக்குப் போனதைக் கண்டு இனி இதைச் செய்யக்கூடாது என்று கைவிட்டார். 1950களின் கடைசியில் முகம் உள்வாங்கிய ஓர் இளைஞர் பால் தெஸியேயிடம் வந்தார். தெஸியே, நாந்த் பக்கத்திலிருந்து பாரிஸ் வந்த பிளாஸ்டிக் சர்ஜன். பாரிஸில் பகல் வேலை முடித்து ரயிலேறி நாந்த் போய், அங்கே பிணக்கூடத்தில் இரவெல்லாம் எலும்பு வெட்டும் கோடுகளைப் பழகிவிட்டுத் திரும்புவார். வெட்டிய இடைவெளிகளில் நோயாளியின் சொந்த எலும்பையே வைத்து நிரப்பினால் முகம் பின்வாங்காது என்று கண்டார். கண்குழிகளையே இடம் மாற்ற வேண்டுமானால் மண்டைக்குள்ளிருந்து போக வேண்டும். அதைச் செய்யலாமா என்று நரம்பு அறுவை மருத்துவர் ஜெரார் கியோவிடம் கேட்டபோது, ஏன் கூடாது என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த இரண்டு சொல்லை இன்றும் உலகெங்கும் இத்துறையினர் தம் குறிச்சொல்லாகச் சொல்கிறார்கள். 1967இல் தெஸியே தம் முடிவுகளை ரோமில் பன்னாட்டு மாநாட்டில் வைத்தார். ஜேகோபி எழுந்து நின்ற அதே நகரம், 73 ஆண்டுகள் கழித்து. ஜேகோபி நிறுத்தச் சொன்னது கேட்கப்படாதவர்கள் மேல் நடந்த அறுவையை. தெஸியே காட்டியது கேட்டு வந்தவர்களுக்குச் செய்த அறுவையை. இரண்டு ரோம் உரைகளுக்கும் முரண்பாடு இல்லை என்றே நினைக்கிறேன்.

இன்று குழந்தைக்குச் செய்யப்படும் பெரிய மண்டையோட்டுச் சீரமைப்பு அனைத்தும், தெஸியேயின் வழியில் வந்த தானியேல் மர்ஷாக் போன்றவர்கள் 1970களில் அந்த நுட்பங்களைக் கைக்குழந்தைக்குக் கொண்டுபோனதால் வந்தவை. அதாவது நெற்றியைக் கழற்றி மறுவடிவம் செய்து பொருத்தும் கலை வளர்ந்தவர்களின் தலையில் பிறந்து, பிறகு தொட்டிலுக்குப் போனது. அப்படியிருக்க, பதினைந்து வயதில் வந்தால் காலம் கடந்துவிட்டது என்பது வரலாற்றுக்கு ஒவ்வாத பேச்சு. ஆனால் அதில் உண்மையின் ஒரு கூறு உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் செய்தால் எலும்பு மெலிது, வளையும். விட்ட இடைவெளிகளை மூளை உறை தானே எலும்பால் நிரப்பிவிடும். வேகமாக வளரும் மூளையே மீதி வடிவத்தைச் செய்யும். பதின்பருவத்தில் இந்த மூன்று துணையும் இல்லை. எலும்பு தடித்து இரண்டு அடுக்காகிவிட்டது. இடைவெளி தானாக நிரம்பாது, அந்த அடுக்குகளைப் பிளந்து ஒன்றை எடுத்து ஒட்டவைக்க வேண்டும். நெற்றிக்குள் காற்றறை வளர்ந்திருக்கும். அதைத் திறந்தால் தொற்றுக்கு வழி. காதிலிருந்து காதுவரை உச்சந்தலையில் கீறல் போகும். அதை வளைவுநெளிவாகப் போட்டு முடிக்குள் மறைப்பார்கள், முடியை ஒட்ட வெட்டினால் தெரியும். மறுபக்கம், கைக்குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே அரை லிட்டர் அளவுதான். அதனால் குழந்தை அறுவையில் ரத்த இழப்பே பெரிய பயம். பதினைந்து வயதில் அந்தப் பயம் வெகுவாகக் குறைகிறது. முழு மறுசீரமைப்பு வேண்டாம் என்றால், மண்டையோட்டைத் திறக்காமல் மேலிருந்தே பள்ளமான இடத்தை எலும்புக் கலவையாலோ, ஸ்கேனை வைத்துக் கணினியில் வடிவமைத்த தகட்டாலோ நிரப்பி வடிவத்தைச் சமன்செய்யும் வழியும் உண்டு. குழந்தைக்குக் கிடைக்காத தெரிவு இது.

முதலில் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா? தொடர்ந்த தலைவலி, பார்வை மங்கல், கண்நரம்பின் வீக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். எட்டு வயதைத் தாண்டியவர்களில் கண் மருத்துவரின் பரிசோதனை இதைச் சொல்வதில் பெரிதும் நம்பகமானது. சின்னக் குழந்தைகளில் கண் சரியாக இருந்தும் அழுத்தம் கூடியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு நுண்கருவியை மண்டையோட்டில் பொருத்தி ஓரிரு நாள் அளப்பார்கள். அழுத்தம் இருந்தால் இங்கே பேசும் கேள்வியே எழாது. பார்வையைக் காக்க அறுவை வேண்டும். அழுத்தம் இல்லை என்று தெளிந்த பிறகுதான் உண்மையான கேள்வி தொடங்குகிறது. அங்கே மருத்துவம் தன் பழைய காரணங்களைப் பயன்படுத்தக் கூடாது. ஒரே ஒரு பொருத்து மட்டும் மூடிய பிள்ளைகளைப் பள்ளி வயது வரை பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வுகள், கற்றலில் சராசரியாகச் சிறிய பின்னடைவுகளைக் காட்டியிருக்கின்றன. அது மூடிய பொருத்தால் வந்ததா, இரண்டையும் உண்டாக்கிய ஏதோ மரபணுக் காரணத்தால் வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. மூளையின் வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடுவதால், பதினைந்து வயதில் மண்டையோட்டை அகட்டி மதிப்பெண்ணை உயர்த்த முடியாது. அப்படி ஆசை காட்டுவது 1890இன் தவறை வேறு வயதில் திரும்பச் செய்வது.

மிச்சம் இருப்பது தோற்றம். வெறும் அழகுக்காகவா என்ற மறுப்பு இங்கேதான் பலமாக எழுகிறது. அந்த மறுப்பின் வலுவான வடிவம் இப்படி வரும்: தலை வடிவத்தை வைத்து மனிதரை எடைபோட்டது தர்ஸ்டன்களின் அறிவியல், பெரிக்ளிஸைப் பார்த்துச் சிரித்தது ஒரு கூட்டத்தின் கொடுமை, ஒரு பிள்ளையின் எலும்பை அறுத்து அந்தக் கொடுமைக்கு இணங்க வைப்பதா, சமூகம் அல்லவா மாற வேண்டும்? சமூகம் மாற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 1911இல் ஃபிரான்ஸ் போவாஸ் நியூயார்க்கில் குடியேறிகளும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சுமார் 18,000 பேரை அளந்து, ஒரே தலைமுறையில் தலை வடிவம் மாறுவதைக் காட்டியபோதே அந்த அளவுகோல்களின் அடித்தளம் ஆட்டம் கண்டது. ஆனால் சமூகம் மாறும் வரை காத்திருக்கும் வேலையை, அதற்குக் கொஞ்சமும் பொறுப்பில்லாத ஒரு பிள்ளையின் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. வகுப்பில் பின்வரிசையில் இருந்து வரும் ஒரு பட்டப்பெயர், பேருந்தில் திரும்பிப் பார்க்கும் முகம், முடிவெட்டும் கடையில் கேட்கும் கேள்வி ஆகியவற்றைத் தாங்குகிறவர் அவர். தாங்குவதா, மாற்றுவதா என்பதை அவர் சார்பில் கொள்கைக்காக இன்னொருவர் முடிவு செய்வது, அவர் உடலை நம் கொள்கைக்கான விளம்பரப் பலகையாக ஆக்குவது. உதட்டுப் பிளவைத் தைப்பதை யாரும் அடிபணிதல் என்று சொல்வதில்லை. நோயால் வந்த வடிவத்தைச் சீர்செய்வதும் அந்த வகையிலேயே அடங்கும்.

இதற்கு நேர் எதிரான மறுப்பும் உண்டு. அது பதின்பருவத்தின் மேல் உள்ள அவநம்பிக்கை. அந்த வயதில் முகப்பருகூட உலகம் முடிந்த மாதிரித் தெரியும், இருபது வயதில் தலையைப் பற்றிய நினைப்பே போய்விடும், அதற்குள் எலும்பை அறுத்துவிட்டால் மீட்க முடியுமா என்பது அதன் சாரம். இந்தக் கவலை பொய்யன்று. நீண்ட தலை பலருக்கு முடி அடர்ந்த பிறகு பெரிதாகத் தெரியாமல் போகிறது. அறுவை செய்துகொண்டும் கண்ணாடியில் வேறு குறையைத் தேடுகிறவர்களும் உண்டு. அதனால்தான் நல்ல மையங்களில் முடிவு ஒரே சந்திப்பில் எடுக்கப்படுவதில்லை. நரம்பு அறுவை மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன், கண் மருத்துவர், மரபியல் நிபுணர், உளவியலாளர் எனக் குழுவாகப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் இந்த வேலை ஆக்ஸ்ஃபோர்டு, பர்மிங்காம், லிவர்பூல், லண்டன் ஆகிய நான்கு மையங்களில் மட்டும் குவிக்கப்பட்டிருப்பது, ஒரே கையில் போதிய அனுபவம் சேர வேண்டும் என்பதற்காக. அவநம்பிக்கைக்கு ஈடு நேரம் கொடுப்பதுதான். ஓராண்டு காத்திருந்து மறுபடி கேட்டாலும் அதே விருப்பம் நின்றால், அது பருவத்தின் சலனம் என்று தள்ளக் கூடியது ஆகாது. எலும்பு விஷயத்தில் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லாததால் காத்திருப்பதால் இழப்பும் இல்லை. இந்த ஒரு வகையில் பதின்பருவத்தினர் கைக்குழந்தையைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள். குழந்தையின் பெற்றோரைக் காலம் துரத்துகிறது. இவர்களை எதுவும் துரத்தவில்லை.

பேச்சை அவர்கள் கையில் கொடுப்பதற்குச் சட்டமும் மெதுவாகவே வந்தது. இங்கிலாந்தில் 1969இன் குடும்பச் சட்டத் திருத்தம் பதினாறு வயதினர் தம் சிகிச்சைக்குத் தாமே ஒப்புதல் தரலாம் என்றது. 1985இல் கில்லிக் வழக்கில் பிரபுக்கள் சபை, அதற்கும் கீழ்ப்பட்ட வயதினர் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி உடையவரானால் அவர்கள் ஒப்புதலும் செல்லும் என்று தீர்த்தது. 1995இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பெற்றோரின் அனுமதி ஒன்று, பிள்ளையின் இசைவு இன்னொன்று என்று இரண்டையும் பிரித்து எழுதியது. இந்தியாவில் அறுவைக்கான படிவத்தில் பதினெட்டு வயது வரை பெற்றோரே கையெழுத்திடுகிறார்கள். படிவம் அப்படியே இருக்கட்டும். ஆனால் கையெழுத்துக்கு முன் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, இது யாருடைய விருப்பம், அம்மாவுடையதா உன்னுடையதா என்று கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. காதிலிருந்து காதுவரை போகும் தழும்பு, தீவிர சிகிச்சைப் பிரிவில் கழியும் முதல் இரவு, கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கும் சில நாட்கள், நூற்றில் ஒன்றுக்கும் குறைவானாலும் சுழியம் இல்லாத மரண வாய்ப்பு, எவ்வளவு திறமையான கையானாலும் முழுமையாகச் சீராகாமல் எஞ்சும் கோணல் ஆகிய அனைத்தையும் அந்தப் பிள்ளையிடமே நேராகச் சொல்ல வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முழுமையான தெரிவே என்பதையும் அதே குரலில் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுந்து போகிறவரும், வேண்டும் என்று தேதி கேட்கிறவரும், தம் தலையைப் பற்றிய முடிவை ஒரே உரிமையோடுதான் எடுக்கிறார்கள்.